கணக்கு வராத பேப்பர்

எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் கம்யூனிட்டி ஆர்கனைசேஷன் என்று ஒரு பேப்பர் உண்டு. மாணவர்கள் வாயில் அது வெறும் 'சி.ஓ.'. ஸ்டாடிஸ்டிக்ஸ் என்றால் வயிற்றைக் கலக்குகிறவர்கள்கூட இதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. 'கணக்கு வராது, ஃபார்முலா கிடையாது, முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்தால் போதும்' என்று சீனியர்கள் தைரியம் சொல்லிவிடுவார்கள்.

இங்கே சண்டை அந்தக் 'கணக்கு வராது' என்பதோடுதான்.

முதலில் அந்த பேப்பரில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கனடாக்காரர் முர்ரே ராஸ் 1955-இல் எழுதிய புத்தகத்திலிருந்து ஒரு டெஃபனிஷன். ஒரு சமூகம் தன் தேவைகளைத் தானே கண்டுபிடித்து, அவற்றை வரிசைப்படுத்தி, அதற்கான வழியையும் வசதியையும் தேடி, சேர்ந்து செயலில் இறங்குவது என்று அதைச் சுருக்கலாம். அப்புறம் ஜாக் ராத்மன் 1968-இல் பிரித்த மூன்று மாடல்கள். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் போட்ட எட்டுப் படி ஏணி (மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் நடப்பதில் எவ்வளவு நாடகம், எவ்வளவு நிஜம் என்று அளக்கிற ஏணி, அதில் எட்டாவது படியைப் பார்த்தவர்கள் குறைவு). கடைசியில், சிகாகோவில் இறைச்சித் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் 1939-இல் மக்கள் அமைப்பைக் கட்டிய சால் அலின்ஸ்கி பற்றி ஒரு பாரா. அவ்வளவையும் எழுதினால் பாஸ்.

அட்வகசி என்ற வார்த்தைக்குத் தமிழில் இன்னும் சரியான பெயர் அமையவில்லை. 'பரிந்து பேசுதல்' என்று மொழிபெயர்க்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் நம்ம ஊரில் அதைக் கேட்டதும் 'சிபாரிசு' ஞாபகம் வந்துவிடுகிறது. சிபாரிசு செய்தால் ஒருத்தருக்கு வேலை நடக்கும், அடுத்தவர் அதே வரிசையில் நின்றுகொண்டுதான் இருப்பார். அட்வகசியில் வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்ற கேள்வி வர வேண்டும். இந்த வித்தியாசத்தை அனுபவத்தில் காட்டாமல் போர்டில் எழுதிப் போட்டால் ஒன்றும் ஏறாது.

அனுபவத்துக்குத்தானே ஃபீல்டு வொர்க் இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி பிறந்ததே அப்படித்தான். பம்பாயில் நாக்பாடா என்ற தொழிலாளர் பகுதியில் அக்கம்பக்கத்தாருக்கான மையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட்தான் 1936-இல் தொடங்கிய டாடா சமூகப்பணிப் பள்ளிக்கு முதல் இயக்குநர். வகுப்பறைக்கு முன்னால் தெரு வந்துவிட்டது என்று சொல்லலாம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் வொர்க்கைத் தொடங்கியதும் கில்டு ஆஃப் சர்வீஸில் வேலை பார்த்த அனுபவத்தோடுதான். காந்திகிராமம் இன்னொரு வழி, அங்கே கிராமத்துக்குப் போவது பாடத்தின் ஒரு பகுதி.

ஆனால் பல இடங்களில் இப்போது ஃபீல்டு வொர்க் என்பது ரிப்போர்ட் எழுதுவது. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போவார்கள். மிச்ச நாட்களில் போனதைப் பற்றி எழுதுவார்கள். அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை கிராமப்புற முகாம். அந்த முகாமில் தவறாமல் நடக்கிற ஒரு காட்சி இருக்கிறது. கோயில் திடலிலோ பள்ளிக்கூட வாசலிலோ கலர் கோலமாவில் ஊர் மேப் போடுவார்கள். ஊர் மக்களே உட்கார்ந்து தெரு, குடிநீர்த் தொட்டி, ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் வரைந்து காட்டுவார்கள். பங்கேற்பு முறையில் ஊரக ஆய்வு என்று பெயர். உண்மையிலேயே அருமையான முறை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, எந்தத் தெருவுக்குக் குழாய் போகவில்லை என்று ஒரு பிடி நீல மாவை வைத்துக் காட்டிவிடுவார். எந்தச் சுடுகாட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் பிணம் போகக்கூடாது என்பதும் அதே மேப்பில், யாரும் வாயைத் திறந்து சொல்லாமலே, தெரிந்துவிடும்.

சரி, மேப் முடிந்தது. போட்டோ எடுத்தாச்சு. ரிப்போர்ட்டில் ஒட்டியாச்சு. சூப்பர்வைசர் கையெழுத்தும் வாங்கியாச்சு. அந்தப் பாட்டிக்கு என்ன ஆச்சு? நீல மாவு அன்று சாயங்காலமே காற்றில் போயிருக்கும். ஊரைப் பற்றி ஊர்க்காரர்கள் சொன்ன விஷயம் கல்லூரி லைப்ரரியில் பைண்டு செய்து கிடக்கிறது, ஊரில் ஒரு காப்பிகூட இல்லை. எழுதிக்கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டுவந்து ஊரில் படித்துக் காட்ட வேண்டும் என்ற ஒரு விதி, எத்தனை கல்லூரிகளின் ஃபீல்டு வொர்க் மேனுவலில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் தெரியும்.

படித்துக் காட்டுவது என்றதும் ராஜஸ்தானுக்குப் போக வேண்டியிருக்கிறது. சி.ஓ. பேப்பரில் சிகாகோ வருகிற அளவுக்கு இந்த ஊர் வருவதில்லை. வந்தாலும் 'தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்காகப் போராடிய இயக்கம்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். உண்மையில் முழு செமஸ்டருக்கும் பாடமாக வைக்க வேண்டிய கதை அது.

அருணா ராய் சென்னையில் பிறந்தவர். 1968-இல் ஐ.ஏ.எஸ். ஆனவர், 1975-இல் அதை விட்டுவிட்டு ராஜஸ்தானில் திலோனியா கிராமத்துத் தொண்டு நிறுவனத்துக்குப் போனார். பின்னர் அங்கிருந்தும் கிளம்பி வந்து, 1987-இல் நிகில் தே, சங்கர் சிங், அவர் மனைவி அன்ஷி ஆகியோரோடு தேவ்துங்ரி என்ற சின்ன ஊரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். இதில் சங்கர் சிங் அந்தப் பக்கத்து ஆள். பொம்மலாட்டமும் தெருநாடகமும் அவர் கை. புராஜெக்ட் கிடையாது, ஃபண்டிங் கிடையாது. ஊர்க்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதே ஆரம்ப வேலை. கேட்கக் கேட்க வந்த விஷயம் கூலி. வறட்சி நிவாரண வேலையில் மண் சுமக்கிறவர்களுக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி கையில் வரவில்லை. ஏன் என்று கேட்டால், 'நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, ரெக்கார்டு அப்படித்தான் சொல்கிறது' என்று பதில். சரி, ரெக்கார்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம்!

1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு உருவானது. உண்ணாவிரதம் இருந்து பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் நகரவில்லை. பிறகுதான் சண்டையின் இடமே மாறியது. கூலியைக் கேட்பதற்கு முன்னால் காகிதத்தைக் கேட்போம் என்று முடிவெடுத்தார்கள். மஸ்டர் ரோல், பில், வவுச்சர், அளவுப் புத்தகம். அப்போது சட்டம் ஏதும் இல்லாததால் ஆவணங்கள் கையில் கிடைத்ததே பெரும்பாடு. 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை நடந்தது. பந்தல், மைக், எதிரில் ஊர் ஜனம். மஸ்டர் ரோலில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

படிக்கப் படிக்கக் கூட்டத்தில் சத்தம் வந்தது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி. இந்த மாதிரி விசாரணைகள் அடுத்தடுத்த ஊர்களில் நடந்தபோது இறந்துபோனவர்கள் பெயரும், பிழைப்புக்கு ஊரை விட்டே போனவர்கள் பெயரும் வந்தன. முடியாத கட்டடங்களுக்கு முடிந்ததாக பில்கள் வந்தன.

பி.காம். மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். ஆடிட்டிங் பேப்பரில் வவுச்சிங் என்று ஒரு பாடம் உண்டே? புத்தகத்தில் எழுதியிருக்கிற ஒவ்வொரு செலவுக்கும் ஆதாரச் சீட்டு இருக்கிறதா, அந்தச் சீட்டு உண்மையா என்று பார்ப்பது. அடுத்து வெரிஃபிகேஷன். வாங்கியதாக எழுதிய சொத்து நிஜமாகவே இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. கோட் கிரானாவில் நடந்தது இந்த இரண்டும்தான். ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து சீட்டில் கையெழுத்து இருக்கிறதா, கூட்டல் சரியா, தேதி பொருந்துகிறதா என்றுதான் பார்க்க முடியும். மஸ்டர் ரோலின் பதினேழாவது பெயர்க்காரர் போன வருடமே செத்துப்போனார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, அந்தப் பெயர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பது. காகிதத்தையும் அந்த அம்மாவையும் ஒரே பந்தலில் உட்கார வைத்ததுதான் ஊரைக் கூட்டிய வேலை. 'நம்ம பணம், நம்ம கணக்கு' என்பது அவர்களுடைய கோஷம்.

கணக்கு வராத பேப்பராம்!

அதன்பின் நடந்தது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். 1996 ஏப்ரலில் பியாவரில் 40 நாள் தர்ணா, 2000-இல் ராஜஸ்தானில் தகவல் உரிமைச் சட்டம், 2005-இல் நாடு முழுவதுக்கும் சட்டம். ஆனால் இதில் தமிழ்நாட்டு மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரி விட்டுப்போகிறது. இந்தியாவில் முதன்முதலில் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் ராஜஸ்தான் இல்லை, தமிழ்நாடு. 1997-லேயே போட்டுவிட்டோம். காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தச் சட்டத்தை எத்தனை பேருக்குத் தெரியும்? அதில் எதைச் சொல்ல மாட்டோம் என்ற பட்டியல்தான் பெரிதாக இருந்தது. அதைவிட முக்கியமான விஷயம், அதைக் கேட்டு எந்த ஊரிலும் யாரும் பந்தல் போட்டு உட்காரவில்லை. சட்டம் கோட்டையிலிருந்து வந்தது, கோட்டையிலேயே இருந்துவிட்டது. ராஜஸ்தானில் ஆட்கள் முதலில் வந்தார்கள், சட்டம் பின்னால் வந்தது. ராத்மனின் மூன்று மாடல்களை ஒப்பிட்டு எழுதச் சொல்கிற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை எங்கே போய்த் தேடுவது?

ராஜஸ்தான் தூரம் என்றால் தமிழ்நாட்டிலேயே இடம் இருக்கிறது. 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டப்படி இங்கே கிராம சபை உண்டு. ரொம்ப காலம் வருடத்துக்கு நான்கு நாள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவை 'படிவம் 30' என்ற தாளில் எழுதி, பார்வைக்கு வைத்து, படித்து, ஒப்புதல் வாங்க வேண்டும். அதாவது கோட் கிரானாவில் அடித்துப் பிடித்து வாங்கிய காகிதம், இங்கே சட்டப்படி பந்தலில் தொங்க வேண்டிய காகிதம்.

இப்போது காலண்டரைப் பாருங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 கல்லூரியில் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிற நாள். மே 1, அக்டோபர் 2 லீவு. கிராமப்புற முகாமோ கல்லூரிக்குத் தோதான ஏதோ ஒரு வாரத்தில் நடக்கும். பெரும்பாலும் அந்த ஆறு நாளில் ஒன்றுகூட அதற்குள் வராது. ஏழு நாள் ஊரிலேயே தங்கி, கருவேலம் வெட்டி, கோயிலுக்கு வெள்ளையடித்து, விழிப்புணர்வுப் பேரணி போய்விட்டு வருகிற மாணவர், அந்த ஊர் தன் கணக்கைத் தானே கேட்கிற நாளில் ஊரில் இருக்க மாட்டார். நாட்டுநலப் பணித் திட்டத்திலும் இதே கதைதான். 1969-இல் தொடங்கிய திட்டம், வருடத்துக்கு 120 மணி நேரம். அதில் கிராம சபைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? (கருவேலம் வெட்டுவதில் தப்பில்லை. அது மறுபடி முளைக்கும் என்பதைத் தவிர :-))

இதற்கு ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறவர்கள். ஊரைக் கிளப்பிவிட்டு, செமஸ்டர் முடிந்ததும் டாட்டா காட்டிவிட்டுப் போவார்கள். பிரச்சினை ஊரில் இருக்கிறவன் தலையில்தானே விடியும்? கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி மறுகுடியமர்வுப் பகுதிகளில் இருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், எத்தனை காலேஜ் வந்து எத்தனை சர்வே எடுத்தது என்று. ஒரு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் ஓடவில்லை. ஒரு மாணவர் கையெழுத்து வாங்கி மனு தயார் செய்கிறார். அடுத்த வாரம் ஸ்டடி லீவு. மனு என்ன ஆனது என்று கேட்க ஆள் இல்லை. ஆறு மாதம் கழித்து அடுத்த பேட்ச் வந்து 'உங்கள் பிரச்சினை என்ன?' என்று முதலிலிருந்து ஆரம்பித்தால், அந்த வீட்டு அம்மா கதவைச் சாத்தாமல் என்ன செய்வார்? அலின்ஸ்கியைப் படித்துவிட்டு அரைகுறையாக அலின்ஸ்கி ஆவதில் இந்த ஆபத்து நிஜமானது.

அதற்குப் பதில், மாணவர் தலைவராக வேண்டியதில்லை என்பதுதான். கிளார்க்காக இருந்தால் போதும். கேட்பதற்கு ரொம்பச் சப்பென்று இருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மக்கள் குறைதீர் நாள். வாசலில் மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், ஆக்கிரமிப்பு, ரேஷன் கார்டு, குடிநீர். ஆளுக்கொரு மனு, ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது'. ஒரே தாலுகாவிலிருந்து நாற்பது பேர் ஒரே விஷயத்துக்காக நாற்பது தனித்தனி மனு கொடுத்திருப்பார்கள். ஒருத்தருக்கு மற்றவரைத் தெரியாது. அலுவலகத்துக்கும் அது நாற்பது தனித்தனிக் காகிதம்தான். இந்த நாற்பதும் ஒரே மனு என்று முதலில் கண்டுபிடிக்கிற ஆள் யாரோ, அவர்தான் ஆர்கனைசர். அந்த நாற்பது பேரையும் ஒரு டீக்கடையில் சந்திக்க வைப்பது கம்யூனிட்டி ஆர்கனைசேஷன். நாற்பதும் ஏன் ஒரே டேபிளில் தேங்குகிறது, எந்த விதியை மாற்றினால் நாற்பத்தொன்றாவது மனு வராது என்று கேட்பது அட்வகசி.

இந்த வேலைக்குப் பேச்சுத் திறமை வேண்டாம். ஃபைல் போடத் தெரிய வேண்டும். தேதிவாரியாக, எண்வாரியாக, யார் கொடுத்தது, யார் வாங்கியது, எப்போது பதில் வந்தது என்று ஒரு நோட்டு. அந்த நோட்டு ஊரிலேயே, ஊர்க்காரர் ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். பேட்ச் மாறலாம், நோட்டு மாறக்கூடாது. லெட்ஜரில் 'பிராட் ஃபார்வர்டு' என்று முந்தைய பக்கத்து மீதியை எடுத்து எழுதுகிறோமே, அதேதான்.

இப்படிப்பட்ட படிப்பு ஏன் பெரிதாக வளரவில்லை என்று கேட்டால், பணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ.வில் ஸ்பெஷலைசேஷன் எடுக்கும்போது பல கல்லூரிகளில் கூட்டம் ஹெச்.ஆர். பக்கம்தான். அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. சமூகப்பணி படித்தவர்களுக்கு அது ஒரு வாசலைத் திறந்துவிட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளை அந்த வாசலுக்குள் போனால் அதைக் குறை சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. 'ஊர் ஊராப் போய் மீட்டிங் போடுறதுக்கா படிக்க வச்சேன்?' என்று ஒரு அப்பா கேட்டால், அவர் கேட்பதும் கணக்குதான்.

மறுபக்கம், மக்களை அமைப்பாக்குகிற வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பது? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வைத்தது. அந்தப் பணத்தில் கழிப்பறை வரும், ஸ்மார்ட் கிளாஸ் வரும், பேர் போட்ட போர்டு வரும். கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஊராட்சியைக் கேட்கிற ஆளுக்குச் சம்பளம் வருவது அபூர்வம். எந்தக் கம்பெனி கலெக்டரோடு மனஸ்தாபத்தை வாங்கிக்கொள்ளும்? வெளிநாட்டு நிதியிலோ, 2020-இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக்கியது. வாங்கிய நிதியைச் சின்ன அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடை செய்தது. கட்டடம் கட்டுகிற அமைப்புக்கு இது பெரிய விஷயம் இல்லை, அதன் செலவு செங்கல், சிமெண்ட். ஆட்களைச் சந்திப்பதே வேலையாக இருக்கிற அமைப்பின் செலவு என்பது சம்பளமும் பஸ் டிக்கெட்டும் ஜெராக்ஸும்தான். அதில் எவ்வளவை 'நிர்வாகம்' என்று எழுதுவது என்ற தலைவலி இவர்களுக்குத்தான் அதிகம். சி.ஓ. பேப்பரில் இதைப் பற்றி ஒரு யூனிட் வைக்காமல் மாணவரை வெளியே அனுப்பினால், முதல் வேலையிலேயே மூச்சு முட்டிவிடும். தேவ்துங்ரிக்காரர்கள் இப்படிப்பட்ட நிதிகளே வேண்டாம் என்று குறைந்தபட்சக் கூலி அளவிலேயே வாழ்ந்தார்கள். எல்லோரும் அப்படி வாழ வேண்டும் என்று சொல்வது எளிது, ஹாஸ்டல் ஃபீஸுக்குக் கடன் வாங்கியவரிடம் சொல்ல முடியாது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. காலையில் 'சோசியல் ஆக்‌ஷன்' பாடம் நடக்கும். மதியம் மெஸ் பில் ஏன் ஏறியது என்று பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்டால், 'யாரு லீடர்?' என்று விசாரணை வரும். சேர்க்கையின்போதே போராட்டத்தில் கலந்துகொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். மாணவர் தேர்தலுக்கு லிங்டோ கமிட்டி போட்ட விதிகளை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வேட்பாளர் செலவு 5000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. எத்தனையோ கல்லூரிகளில் தேர்தலே நடப்பதில்லை. ஊருக்குப் போய்க் கிராம சபையில் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில், மெஸ் கணக்கைக் கேட்க முடியாது என்றால் மாணவர் எதை உண்மையென்று எடுத்துக்கொள்வார்? முதல் ஜன் சுன்வாய் மெஸ்ஸிலேயே நடக்கலாம். அரிசி எத்தனை மூட்டை, காய்கறி பில் எவ்வளவு, சாப்பிட்டவர்கள் எத்தனை பேர். சமையல்காரர் உட்பட எல்லோரும் உட்கார்ந்து படித்தால் ஒரு மணி நேர வேலை. நிர்வாகம் சுத்தமாக இருந்தால் அதற்கும் நல்ல பெயர்தான்.

அசைன்மெண்ட் என்று வந்தால், தகவல் அறியும் மனு ஒன்றைப் பாடமாக்கலாம். செமஸ்டருக்கு 90 வேலை நாள். முதல் வாரத்தில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து என்ன கேட்பது என்று முடிவு செய்து, ஊர்க்காரர் பெயரிலேயே மனு போட்டால், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது மழுப்பலாக வந்தால், முதல் மேல்முறையீடு. அதற்கு இன்னொரு 30 நாள், அதிகபட்சம் 45. பரீட்சைக்குள் ஏதோ ஒரு பதில் கையில் இருக்கும். பதிலே வராததும் ஒரு பதில்தான், அதற்கும் மார்க் போடலாம். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8-வது பிரிவில் தனிநபர் விவரங்களுக்கான விலக்கை அகலப்படுத்திவிட்டது. மஸ்டர் ரோல் என்பதே பெயர்ப் பட்டியல்தானே, அதையே 'தனிநபர் விவரம்' என்று மறுத்தால் என்ன செய்வது என்று வகுப்பில் சண்டை போட்டுப் பேசலாம். ராத்மனை விட சுவாரஸ்யமாக இருக்கும்.

ஆனால் யாரையும் தனியாக அனுப்பக்கூடாது. 2010 ஜனவரியில், நில விவகாரங்களைத் தகவல் சட்டத்தின் மூலம் தோண்டிக்கொண்டிருந்த சதீஷ் ஷெட்டி புனே அருகே கொலை செய்யப்பட்டார். மணல், நிலம் மாதிரி விஷயங்களில் ஒரே ஒரு ஆள் பெயர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊர்க்காரர் பெயரில் போடுவது என்றால் ஒரு பெயரில் இல்லை, இருபது பெயரில் இருபது மனு. எந்த விஷயத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை ஊர் தீர்மானிக்கட்டும். அங்கன்வாடிக்கு முட்டை எத்தனை வந்தது என்பதில் ஆரம்பித்தாலே போதும்.

சோசியல் வொர்க் டிபார்ட்மெண்டும் காமர்ஸ் டிபார்ட்மெண்டும் பல கல்லூரிகளில் ஒரே காரிடாரில் இருக்கின்றன. ஒரு பக்கம் ஊரைத் தெரிந்து பில்லைப் படிக்கத் தெரியாதவர்கள், இன்னொரு பக்கம் பில்லைப் படிக்கத் தெரிந்து ஊருக்கே போகாதவர்கள். ஒரு எம்.எஸ்.டபிள்யூ. மாணவர், ஒரு பி.காம். மாணவர் என்று ஜோடி போட்டு அனுப்பினால் போதும். மனுவில் ஒட்ட 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பஸ் டிக்கெட். நகல் வேண்டாம், நேரில் போய் ஃபைலைப் புரட்டிப் பார்க்கிறோம் என்றால் முதல் ஒரு மணி நேரம் இலவசம்.